குழு விதியை மீறினால் என்ன செய்வது?



குழு ஆரம்பித்த புதுசில் எல்லாரும் நேரத்துக்கு வந்துவிடுகிறோம். ஒரு வருஷம் போனதும் ஒருத்தர் அரை மணி லேட்டா வர்றாங்க. இன்னொருத்தர் சந்தாவை மட்டும் பிள்ளைகிட்ட கொடுத்து அனுப்புறாங்க. வேறொருத்தர் ரெண்டு மாசமா கடன் தவணை கட்டல. "நம்ம அக்காதானே" என்று ஊக்குநர் விட்டுவிடுகிறார். அடுத்த மாதம், ஒழுங்காகக் கட்டுகிறவரும் "முதல்ல அவங்க கட்டட்டும், நான் அப்புறம் கட்டுறேன்" என்கிறார். பல குழுக்கள் உடைவது இப்படித்தான்.

முதல் விஷயம், விதி எழுத்தில் இருக்கணும். தீர்மான நோட்டில் எழுதி, எல்லார் கையெழுத்தும் வாங்கியிருந்தால்தான் அது விதி. படிக்கத் தெரியாதவங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தப்பு நடந்த பிறகு ஒருத்தரைக் குறிவைத்துப் புது அபராதம் போடுவது நியாயமே இல்லை. இன்றைக்குப் போடும் தீர்மானம் அடுத்த கூட்டத்திலிருந்துதான் செல்லும்.

அடுத்தது, காரணம் கேட்பது. கட்ட முடியாதவர் வேறு, கட்ட மனசில்லாதவர் வேறு. வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, நூறு நாள் வேலைக் கூலி வரவில்லை, மாடு செத்துப்போச்சு என்றால் அபராதம் போட்டு என்ன பயன்? 10,000 ரூபாய் கடனை மாதம் 1,000 என்று கட்ட முடியாதவருக்கு, மாதம் 500 ஆகக் குறைத்து, தவணைக் காலத்தைக் கூட்டித் தீர்மானம் போடலாம். பணம் திரும்பி வருவதுதானே நமக்கு முக்கியம்.

ஸ்பெயின் நாட்டில் வலென்சியா என்று ஒரு ஊர். அங்கே வாய்க்கால் தண்ணீர்த் தகராறைத் தீர்க்க, விவசாயிகளே தேர்ந்தெடுத்த ஒரு பஞ்சாயத்து பல நூறு வருஷமாக இருக்கிறது. வியாழக்கிழமை மதியம் தேவாலய வாசலில் எல்லார் முன்னாடியும் கூடுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பேச்சையும் கேட்ட பிறகே தீர்ப்பு. எந்த வாய்க்காலில் தகராறோ, அந்த வாய்க்கால் தலைவர் தீர்ப்பு சொல்வதில் சேர மாட்டார். இந்த மாதிரிப் பொது அமைப்புகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மாவுக்கு 2009-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பொருளாதாரத்தில் அந்தப் பரிசு வாங்கிய முதல் பெண் அவர்தான். நீண்ட காலம் நிலைத்த அமைப்புகளில் முதல் தப்புக்குத் தண்டனை சின்னதாகவும், திரும்பத் திரும்பச் செய்தால் கூடுதலாகவும் இருப்பதை அவர் கண்டார்.

நமக்கும் அது பொருந்தும். முதல் தடவை தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அடுத்து 5 ரூபாயோ 10 ரூபாயோ அபராதம். அதற்கும் மேலே போனால் புதுக் கடனை நிறுத்துங்கள். ஊக்குநரே லேட்டா வந்தாலும் அதே 10 ரூபாய்தான், அதுவும் முதல் ஆளாக! அபராதப் பணத்தை ரொக்கப் பதிவேட்டில் வரவு வைக்கணும். டீச் செலவுக்கு எடுத்தால், அடுத்த முறை யாரும் மனசாரக் கட்ட மாட்டார்கள்.

ஒன்று மட்டும் கூடவே கூடாது. பத்துப் பேர் சேர்ந்து வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடுவது, அண்டா குண்டாவைத் தூக்கி வருவது, பிள்ளைகள் முன்னாடி கேவலமாகப் பேசுவது. பணம் ஒருவேளை வந்துவிடலாம். போன மானம் வராது. பேச வேண்டியதைக் கூட்டத்தில் பேசுங்கள்.

"ஒருத்தரால வங்கிக் கடனே கிடைக்காம போயிடுமா?" என்று பலர் பயப்படுகிறார்கள். ஒரு சில உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ வங்கிக்குப் பாக்கி வைத்திருப்பதை மட்டும் காரணமாகக் காட்டி, பாக்கி இல்லாத குழுவுக்குக் கடனைச் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அந்த வங்கிக் கடனிலிருந்து, வங்கிக்குப் பாக்கி வைத்தவருக்குக் கொடுக்கக் கூடாது.

உங்களுக்குள்ளே தீரவில்லை, அல்லது புகாரே ஊக்குநர் மேல்தான் என்றால், ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுங்கள். நீக்குவது கடைசி வழி. அப்படி நீக்கினாலும் அவருடைய சேமிப்பு அவருடையதே. கடன் பாக்கியைக் கழித்து, குழு விதிப்படி மீதியைக் கணக்குக் காட்டிக் கொடுத்து, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.