அந்தமானுக்கு கடலுக்கடியில் ஓடும் வெளிச்சம்! நடுவழியில் தெம்பு கொடுப்பது யார்?

அந்தமானுக்கு வேலைக்குப் போன மகனிடம், "சாப்பிட்டியாப்பா?" என்று சென்னையில் இருக்கும் அம்மா வீடியோ காலில் கேட்கிறார். கேட்ட கையோடு, "ஆச்சும்மா" என்று பதில் வருகிறது. 2020 வரை இது அவ்வளவு லேசில் நடக்காது. வெளியுலகத் தொடர்புக்கு அந்தமான் செயற்கைக்கோளைத்தான் நம்பி இருந்தது. பாதிப் பேச்சில் படம் அப்படியே நின்றுவிடும்.

2020 ஆகஸ்டு 10-ந் தேதி பிரதமர் மோடி தொடங்கி வைத்த சென்னை - அந்தமான் கடல் கேபிள்தான் இந்த நிலையை மாற்றியது. சுமார் 2,300 கிலோ மீட்டர் நீளம் கொண்ட இந்த கேபிள், சென்னையை போர்ட் பிளேர் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) மற்றும் பக்கத்து தீவுகளுடன் இணைக்கிறது.

முடி கனத்தில் கண்ணாடி

கேபிளுக்குள் இருப்பது தலைமுடி கனத்தில் கண்ணாடி இழைகள். நாம் பேசுவது, அனுப்பும் போட்டோ எல்லாமே லேசர் ஒளியாக மாறி அதற்குள் ஓடுகிறது. கண்ணாடியில் உள்ள அழுக்கை நீக்கிவிட்டால் ஒளி வெகுதூரம் போகும் என்று 1966-ல் சொன்னவர் விஞ்ஞானி சார்லஸ் காவ். இதற்காக 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் எவ்வளவு சுத்தமான கண்ணாடியானாலும் போகப்போக ஒளி மங்கும். 100 கிலோ மீட்டர் தாண்டினால், அனுப்பியதில் 100-ல் 1 பங்குதான் மிஞ்சும். அப்புறம் எப்படி அந்தமான் வரை போய்ச் சேருது?

ஆரம்பத்தில், மங்கிய ஒளியை நடுக்கடலில் மின்சாரமாக மாற்றி, மறுபடி ஒளியாக்கி அனுப்பினார்கள். 1988-ல் அட்லாண்டிக் கடலில் போட்ட முதல் கண்ணாடி இழை கேபிள் இந்த ரகம்தான். இதில் செலவு ஜாஸ்தி. வேகத்தை கூட்டவேண்டும் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் கருவியையே மாற்றியாக வேண்டும்.

கை கொடுத்த பல்கலைக்கழகம்

இதற்கு வழி கண்டது இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம். பேராசிரியர் டேவிட் பெய்ன் குழுவினர் கண்ணாடி இழையில் எர்பியம் என்ற உலோகத்தை துளியூண்டு சேர்த்தனர். இன்னொரு லேசரால் அந்த எர்பியத்துக்கு சக்தி ஏற்றினர். மங்கிப்போன ஒளி அந்த இடத்தை கடக்கும்போது, எர்பியம் தன் சக்தியை அதே ரக ஒளியாக கொடுத்துவிடுகிறது. மேட்டில் திணறும் தள்ளுவண்டிக்கு வழியில் நிற்பவர்கள் கை கொடுக்கிற மாதிரி! மின்சாரமாக மாற்றும் வேலையே இல்லை. 1987-ல் இது வெளி உலகுக்கு தெரியவந்தது. 1990-களில் கடல் கேபிள்களிலும் புகுந்தது.

இப்போது நெடுந்தூர கடல் கேபிள்களில் 50 முதல் 100 கிலோ மீட்டருக்கு ஒன்று என இந்த கருவி இருக்கிறது. இதற்கான மின்சாரம் கரையில் இருந்தே கேபிள் வழியாக போகிறது.

2005 அக்டோபர் 30-ந் தேதி சவுத்தாம்ப்டன் ஆய்வுக்கூடத்தில் பெரும் தீ விபத்து ஏற்பட்டது. கண்ணாடி இழை ஆராய்ச்சிக் கருவிகள் பல நாசமாயின. அத்தோடு ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. அதே வளாகத்தில் புதிய கட்டிடம் எழுந்து, ஆய்வு தொடர்ந்து நடந்து வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது.