துவரம்பருப்பு டப்பாவும் கம்பைலரும்

‘நாய்’ கிளாஸ் ‘விலங்கு’ கிளாஸின் வாரிசு. அப்படியிருக்க, விலங்குகளின் லிஸ்ட் கேட்கும் இடத்தில் நாய்களின் லிஸ்ட்டைக் கொடுத்தால் ஜாவா கம்பைலர் ஏன் மறுக்கிறது? ஜாவா படிக்கும் மாணவர்கள் அநேகமாக எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள்.

கம்பைலர் பக்கம்தான் நியாயம். துவரையும் உளுந்தும் பருப்பு வகைகளே. துவரம்பருப்பு டப்பாவிலிருந்து அள்ளும்வரை அதைப் ‘பருப்பு டப்பா’ என்று சொல்வதில் கேடில்லை. கைக்கு வருவது பருப்புதானே. போடும்போதுதான் வினை. ‘பருப்பு டப்பா’ என்று கேள்விப்பட்டவர் உளுந்தைக் கொட்டுவார். அவர் மேல் குற்றமில்லை. மறுநாள் சாம்பாருக்கு அள்ளுபவர் கையில் உளுந்து வரும்.

ஆகவே ஜாவா எடுப்பதையும் போடுவதையும் பிரித்துவிட்டது. ‘? எக்ஸ்டெண்ட்ஸ் பருப்பு’ என்று அறிவித்த டப்பாவிலிருந்து பருப்பாக எடுக்கலாம். உள்ளே எதையும் போட முடியாது, ‘நல்’ என்னும் வெற்று மதிப்பைத் தவிர. ‘? சூப்பர் துவரை’ என்றால் துவரையைத் தாராளமாகப் போடலாம். எடுக்கும்போது என்ன வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இங்கே உறவு தலைகீழாவதுதான் அழகு: துவரை போட டப்பா தேடுபவருக்குப் பருப்பு டப்பாவும் சரி, அதைவிடப் பொதுவான மளிகை டப்பாவும் சரி.

1996-இல் வந்த முதல் ஜாவாவின் அரேக்கள் இந்தப் பிரிவினையைச் செய்யவில்லை. துவரை அரே, பருப்பு அரேயாகவும் செல்லும். அதற்கு விலையாக மூடியருகே ஒரு காவலர் நின்று, போடும் ஒவ்வொரு பிடியையும் நிரல் ஓடும்போதே சோதிக்கிறார். உளுந்தைக் கண்டால் ‘அரேஸ்டோர்எக்ஸெப்ஷன்’.

வரலாறு சுருக்கமானது. பிராச்சா, ஓடெர்ஸ்கி, ஸ்டவுடமைர், வாட்லர் ஆகிய நால்வரின் 1998 வடிவமைப்பை அடித்தளமாகக் கொண்டு 2004-இல் ஜாவா 5-இல், லிஸ்ட் போன்றவற்றுக்கு வகை லேபிள் ஒட்டும் ‘ஜெனரிக்ஸ்’ வந்தது. பழைய நிரல்களோடு ஒத்துப்போக வேண்டியிருந்ததால், கம்பைலர் சோதித்து முடித்ததும் டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடுகிறது. ஓடும் நேரத்தில் லிஸ்ட்டுக்குத் தன்னுள் இருக்க வேண்டியது எந்த வகை என்று தெரியாது.

‘டைப் சேஃப்டி இருந்தால் வகைக் குழப்பமே வராது’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்பாதீர்கள். நடா அமீனும் ராஸ் டேட்டும் 2016-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில், எக்ஸ்டெண்ட்ஸ், சூப்பர் குறிகளோடு அதே ‘நல்’லைச் சேர்த்து, நேரடியான வகைமாற்றம் ஏதுமின்றி, 0 என்ற முழு எண்ணை ஸ்ட்ரிங் என்று கம்பைலரை ஏற்க வைத்தார்கள். ஓடும்போதுதான் குட்டு உடைந்தது.