ஆலி என்னும் மீன்பெயர்

ஒரு சொல் பல பொருளைக் குறித்தலும், பல சொல் ஒரு பொருளைக் குறித்தலும் தமிழ் இலக்கணத்தார்க்குப் புதியன அல்ல. நிகண்டு நூல்கள் இவ்விரு வகைக்கும் தனித்தனிப் பகுதி வகுத்துள்ளன. இம்மயக்கம் அறிவியற் பெயர்களிலும் புகும் என்பதற்கு மலாவி ஏரி மீன் ஒன்றன் பெயர் தக்க சான்றாகும்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள அவ்வேரியில் சிக்லிட் குடும்ப மீன்கள் நூற்றுக்கணக்கான சிற்றினங்களாகப் பிரிந்து வாழ்கின்றன. நிறத்தின் பொருட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படுவன பல. அவற்றுள் ஒன்றன் ஆண் உடல் முழுதும் ஒளிரும் நீலம். வணிகர் அதற்கு இட்ட ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கின் ‘மின்நீலம்’ எனலாம். வளர்ப்போர் அதனை ‘ஆலி’ என்றும் வழங்கினர். ஆலி என்பது எத்தெல்வின் டிரெவாவாசு அம்மையார் 1935-இல் ஒரு சிற்றினத்திற்கு இட்ட இலத்தீன் பெயர். செருமானிய விலங்கியலறிஞர் எர்ன்ஸ்ட் ஆல் என்பாரைச் சிறப்பித்தது. தொட்டியில் வளர்வது அம்மையார் விவரித்த மீன் அன்று, வேறொரு சிற்றினமே என 1993-இல் ஆட் கோனிங்சு என்பார் காட்டி, அதற்கு ‘ஃபிரையெரி’ என்று பெயரிட்டார். அதுவும் அவ்வேரி மீன்களை ஆராய்ந்த ஜெஃப்ரி ஃபிரையரின் பெயரே.

அறிவியலார் பெயரை மாற்றினர். வணிகர் பலர் மாற்றிலர். இன்றும் ஃபிரையெரி மீன் ‘ஆலி’ என விற்கப்படுகிறது. நன்னூலார் வழிநின்று கூறின், காரணப்பெயராய்ப் பிறந்த ஆலி, ஆல் என்பாரை அறியாதார் நாவில் இடுகுறியாயிற்று. வடிவால் இலத்தீன், வழக்கால் கடைத்தெருப் பெயர். வழக்குப்பெயரே மயங்கும், இலத்தீன் பெயர் மயங்காது என்பார் கூற்று ஆகவே முழுதும் பொருந்தாது. அருங்காட்சியகத்தில் வைத்த முதற்சான்று மீனோடு ஒப்பிட்டு வழங்குமளவே எப்பெயர்க்கும் உறுதி உண்டு.

மின்நீலம் என்பதன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1973-இல் விவரிக்கப்பட்ட ‘ஜொகானி’யும், 1997-இல் விவரிக்கப்பட்டு ‘மைங்கானோ’ என்னும் இடப்பெயராலும் அறியப்படும் மற்றொன்றும் ‘மின்நீல ஜொகானி’ என ஒருபெயரால் விற்கப்படுவதுண்டு. முன்னதன் பெண் மஞ்சள். பின்னதற்கோ இருபாலும் நீலம். ஜொகானியின் ஆணும் மைங்கானோவும் தோற்றத்தால் நெருங்கியவை. மலாவிச் சிக்லிட்டுகள் தொட்டியில் தம்முள் எளிதிற் கலப்பவை. ஒருபெயரை நம்பி இரண்டையும் சேர்த்து வளர்ப்பவன் தொட்டியில் பிறப்பது ஏரியில் இல்லாத கலப்பினம். அது மீண்டும் அப்பெயராலேயே விலைபோகும்.

பெயரின் பொருளை நம்புதலும் ஆகாது. 1956-இல் ஃபிரையர் விவரித்த ‘கெருலியசு’ என்னும் சிற்றினப் பெயர்க்குப் பொருள் நீலம். வளர்ப்போர் நன்கறிந்த அம்மீனோ பளிச்சிடும் மஞ்சள். கருப்பன் என்னும் பெயரினன் செந்நிறத்தனாதல் நம் ஊரிலும் காண்பதே.

நம் வழக்கிலும் சிக்லிட் ஒன்று இம்மயக்கத்திற்கு உட்பட்டது. 1952-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கத் திலாப்பியா, ‘ஜிலேபிக் கெண்டை’ ஆயிற்று. தின்பண்டத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. அயற்பெயர் ஒலியால் நெருங்கிய அறிந்த சொல்லோடு ஒன்றியது. கெண்டையின் குடும்பமும் அன்று அது.

கலைச்சொல் ஆக்குவோர் வணிகப் பெயரை மொழிபெயர்த்தலே தீங்கிற்கு வாயில் என்பது என் கருத்து. ‘மின்நீல மீன்’ எனத் தலைச்சொல் அமைப்பின் மூன்று மீன்கள் ஒரு பதிவில் அடங்கிவிடும். இலத்தீன் இருசொற்பெயரைத் தமிழ் எழுத்தில் தந்து, பெயரிட்டாரையும் ஆண்டையும் குறித்து, வழக்குப்பெயரை யார் வழக்கு என்னும் குறிப்போடு பின் வைத்தல் வேண்டும். அம்முறையில் ஆலி என்னும் சொற்குப் பதிவு இருபொருள் பெறும்: 1. டிரெவாவாசு 1935-இல் விவரித்த சிற்றினம். 2. மீன் வணிகர் வழக்கில், கோனிங்சு 1993-இல் விவரித்த ஃபிரையெரி.