மணவிழாவிற்கு நீல மலர்கள்

மணவினையும் மலரும் பிரிக்கவொண்ணாதவை. மல்லிகை, முல்லை, சம்பங்கி, ரோஜா ஆகியவையே நெடுங்காலமாக நம் மணப்பந்தல்களை அணி செய்து வந்துள்ளன. அண்மைக்காலமாகப் புடவையின் நிறத்திற்கேற்ப நீல மலர்கள் வேண்டுமெனக் கேட்கும் குடும்பங்கள் கிராமங்களிலும் காணப்படுகின்றன. இவ்விருப்பம் குற்றமன்று. ஆயினும், எது இயற்கை நீலம், எது சாயம், எது எவ்வளவு நேரம் வாடாது நிற்கும் என்பவற்றை அறிந்து செலவிடுதலே அறிவுடைமையாகும். அவற்றை ஈண்டு விளக்குவோம்.

நீலம் ஏன் அரிது?

மலர்களுக்குச் செம்மை, ஊதா, நீலம் ஆகிய நிறங்களைப் பெரும்பாலும் தருவன ஆந்தோசயனின் எனப்படும் நிறமிகள். அவற்றுள் டெல்ஃபினிடின் என்னும் வகையே நீல மலர்கள் பலவற்றிற்கு அடிப்படை. ரோஜாவிலும் சாமந்தியிலும் இஃது இயல்பாக உண்டாவதில்லை. ஜப்பானிய நிறுவனமான சன்டோரி, மரபணு மாற்றத்தால் உருவாக்கிய 'நீல' ரோஜாவை 2004இல் அறிவித்து, 2009இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதுவும் இள ஊதா நிறமே. ஆகவே, கடையில் காணும் கருநீல ரோஜா சாயம் ஏற்றியது எனத் துணியலாம்.

சாயம் ஏற்றிய மலர்

வெண்சம்பங்கியின் காம்பைச் சாய நீரில் நிறுத்தினால், நீருடன் சாயமும் ஏறி இதழ் நிறம் மாறும். இது மேடை அலங்காரத்திற்கு ஏற்றது. உதிரிப் பூவைச் சாயத்தில் தோய்த்துத் தொடுத்த மாலையோ வியர்வை பட்டால் நிறம் விடும். நம் வட்டாரத்து மணவீடு ஒன்றில், தாலி கட்டுமுன்னரே மணமகனின் பட்டு வேட்டியில் நீலக்கறை படிந்துவிட்டது. அம்மாலையின் விலையினும் வேட்டியின் விலை பன்மடங்கு. வாங்குமுன் ஈர வெள்ளைத் துணியால் பூவை அழுத்திப் பார்த்தால் உண்மை விளங்கும்.

நம் மண்ணின் நீல மலர்கள்

டிசம்பர் பூ: நீலம் கலந்த ஊதா நிறமுடையது. மணமில்லை எனினும், நெருக்கமாகத் தொடுக்க ஏற்றது. குளிர்காலத்தில் பூக்கும். மார்கழியில் மணவினைகள் இல்லையாதலால், கார்த்திகை, தை முகூர்த்தங்களுக்கே இது பயன்படும். கிளைத்துண்டு நட்டு எளிதில் வளர்க்கலாம்.

சங்குப்பூ: முழு நீல மலர். விதையை ஓர் இரவு ஊறவைத்து வேலியோரம் ஊன்றினால், ஏறக்குறைய 2 மாதத்தில் பூக்கத் தொடங்கும். இதழ் மென்மையானது, ஒரு நாளிலேயே வாடும். கனத்த மாலைக்கு உதவாது. தாம்பாளத்திற்கும் கோலத்திற்கும் உகந்தது. கொடி கால்நடைத் தீவனமாகும். வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும்.

நீலாம்பல்: கருங்குவளை, நீலோற்பலம் என்றும் கூறுவர். கதிரவன் எழுந்தபின் விரிந்து பிற்பகலில் கூம்பும் இயல்பினது. ஆதலின், விடியற்காலை முகூர்த்தத்தில் இது மொட்டாகவே இருக்கும்; மாலை வரவேற்பிலோ கூம்பிவிடும். முற்பகல் நிகழ்ச்சிகளுக்கே நீர் நிறைந்த உருளியில் இட்டு வைக்கலாம். கிழங்கைப் பிடுங்காது பூவை மட்டும் கொய்தல் வேண்டும்.

ஹைட்ரேஞ்சியா: நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் வளர்வது. அமில மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சுவதால் நீலம் பெறுகிறது; சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளஞ்சிவப்பாக மாறும். காம்பு நீரிலேயே இருத்தல் வேண்டும்.

தவிர்க்க வேண்டுவன

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சியைப் பறித்தல் தகாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அது பாதுகாக்கப்பட்ட தாவரமாகும். வெங்காயத் தாமரையின் பூ கண்ணுக்கு இனிதெனினும், அதனை ஊர்க்குளத்தில் விடுதல் பெருங்கேடு. சில செடிகளே விரைவில் பெருகி நீர்ப்பரப்பை மூடும்; மதகை அடைக்கும்; மீனுக்கு மூச்சுக் காற்றைக் குறைக்கும். ஒரு நாள் அழகிற்காக ஊரின் பாசனத்தைப் பணயம் வைக்கலாமா?

குடியானவர்களுக்கு

நீல மலருக்குத் தேவை முகூர்த்த நாட்களை ஒட்டியே எழும். நாள்தோறும் விலைபோகும் மல்லிகையை அழித்து அவ்விடத்தில் இதனைப் பயிரிடுதல் விவேகமாகாது. வேலியிலும் வரப்பிலும் தொடங்கி, மணவீட்டாரிடமோ பூ வியாபாரியிடமோ நாளும் அளவும் பேசி முன்பணம் பெற்ற பின்னரே மிகுதியாகப் பயிரிடுக. அதிகாலையில் பறித்து, நீர் தெளித்து, வாழையிலையில் பொதிந்து அனுப்புக.

மகளிர் சுய உதவிக் குழுவினர் பூத்தொடுக்கும் பணியை ஏற்பின், நகரக் கடைக்குச் செல்லும் பணத்தில் ஒரு பங்கு ஊரிலேயே தங்கும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பள்ளி வேலியிலும் பொதுக் கிணற்றடியிலும் டிசம்பர் பூவும் சங்குப்பூவும் வளர்க்க முன்வருவார்களாயின், ஏழை வீட்டு மணமும் செலவின்றி நீலப் பொலிவு பெறும்.