ஓய்வில் இருக்கும் கருவி

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை அடுத்து, மாடம்பாக்கம் என்னும் பழமையான ஊர் உள்ளது. அங்கே சோழர் காலத்துக் கோயில் ஒன்று விளங்குகின்றது. தேனுபுரீசுவரர் என்பது அக்கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவனின் திருப்பெயர். கருவறையின் பின்புறம் யானை படுத்திருப்பது போல வளைந்து அமைந்திருக்கும். இவ்வமைப்பைத் தூங்கானை மாடம் என்பர். ஊரில் பரந்த ஏரி ஒன்றும் உண்டு. அவ்வேரியின் நீர் பாய்ந்து நெல் விளைந்த வயல்கள் பலவும் இன்று வீடுகளாகவும் தெருக்களாகவும் மாறிவிட்டன. 2021-ஆம் ஆண்டில் மாடம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாயிற்று. ஆயினும், நகரம் வளர்ந்துவரும் அந்த எல்லைப்புறத்தில் எஞ்சியுள்ள வயல்களை உழுவோர் இன்றும் உளர். அத்தகைய உழவர் ஒருவர்க்கு உழுவதைவிட அரிதாகத் தோன்றுவது மற்றொன்று. உழுது முடித்த கருவிகளை எங்கே வைப்பது, எவ்வாறு வைப்பது என்பதே அது.

நம் முன்னோர்க்கு இக்கவலை இருந்ததில்லை. நாட்டுக் கலப்பை மரத்தால் ஆனது. மேழியும் ஏர்க்காலும் கொழுவும் சேர்ந்த அதனை, மாலையில் ஏர் அவிழ்த்தபின் உழவர் தம் தோளிலே சுமந்து வீடு திரும்புவர். நுகத்தடியையும் உடன் கொண்டுவருவர். மாட்டுக் கொட்டிலின் ஒரு மூலையோ, திண்ணையை ஒட்டிய தாழ்வாரமோ அவற்றுக்குப் போதுமான இடமாக இருந்தது. கலப்பைக்குப் பகை இரண்டே. ஒன்று மழை, மற்றொன்று கறையான். நனையாமலும் மண்ணில் படாமலும் வைத்தால் இவ்விரண்டும் அதனை அணுகா.

டிராக்டர் வந்தபின் நிலைமை மாறியது. டிராக்டர் தானாக உழுவதில்லை. அதன் பின்புறம் பூட்டப்படும் கருவியே உழுகின்றது. கட்டாந்தரையைப் புரட்டுவதற்குச் சட்டிக் கலப்பை வேண்டும். புரட்டிய மண்ணைக் கிளறுவதற்கு, ஊரார் ஒன்பது கலப்பை என்று வழங்கும் ஒன்பது கொழுக்கள் கொண்ட கருவி வேண்டும். கட்டியை உடைத்துப் பொடியாக்குவதற்கு ரோட்டாவேட்டர் எனப்படும் சுழற்கலப்பை வேண்டும். சேற்றுழவுக்குக் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரங்கள் வேண்டும். பார் பிடிப்பதற்கு ஒன்று, விதைப்பதற்கு ஒன்று, சுமை ஏற்றுவதற்கு டிரெய்லர். டிராக்டர் ஒன்றாயினும் அதனைச் சூழ்ந்த கருவிகள் பலவாம். அவற்றுள் ஒன்பது கலப்பை ஏறத்தாழ ஏழடி அகலம் உடையது. இருவர் மூவர் சேர்ந்தாலும் எளிதில் தூக்க இயலாத எடையுள்ளது. சுழற்கலப்பையோ அதனினும் கனமானது.

கருவிகளை இவ்வாறு மாற்றி மாற்றிப் பூட்டும் முறை வந்த வரலாறு அறியத்தக்கது. முன்னாளில் கலப்பையைச் சங்கிலியாலோ கம்பியாலோ டிராக்டரின் பின்னே கட்டி இழுத்தனர். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால், டிராக்டரின் முன்புறம் மேலெழுந்து பின்னோக்கிக் கவிழ்ந்துவிடும். ஓட்டுபவர் அதன் அடியில் சிக்கி உயிரிழப்பதும் உண்டு. அயர்லாந்தில் 1884-இல் பிறந்த ஹாரி பெர்குசன் என்பார் இக்கேட்டினை நீக்க முயன்றார். கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று இடங்களில் கருவியை டிராக்டரோடு பிணைத்து, எண்ணெயின் அழுத்தத்தால் அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் வழி கண்டார். 1926-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று உலகெங்கும் டிராக்டர்கள் பெரும்பாலும் இம்முறையிலேயே கருவிகளைத் தாங்குகின்றன. பெர்குசனின் பெயர் சேர்ந்த மாசி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி, டிராக்டர்களைச் செய்யலாயிற்று. ஒரு கருவியைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டுதல் எளிதாகவே, கழற்றி வைக்கப்படும் கருவிகளும் பெருகின.

இக்கருவிகள் உழைக்கும் நாள் சில. ஓய்ந்திருக்கும் நாள் பல. செங்கற்பட்டுப் பகுதியில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவங்களில் நெல் பயிரிடுவர். ஒரு சுழற்கலப்பை பருவத்துக்குப் பத்து நாள் உழைப்பதாகக் கொள்வோம். ஆண்டில் அது உழைப்பது முப்பது நாள்; ஓய்ந்திருப்பது 335 நாள். அவ்வோய்வின் காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சம்பா நடவு முடிந்து கருவிகள் வீடு திரும்பியபின் வடகிழக்குப் பருவமழை தொடங்குகின்றது. சென்னைப் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி முதலாக வரும் அம்மழையே. ஆகவே, கருவிகளின் நீண்ட ஓய்வு, ஈரம் மிகுந்த காலத்தோடு ஒன்றுபடுகின்றது. கடலும் தொலைவில் இல்லை. உப்புக் காற்றும் வீசுகின்றது. உழும்போது தேய்வதைவிட, ஓய்ந்திருக்கும்போது துருவேறிக் கெடுவதே பெரிதாகிவிடுகின்றது.

துரு என்பது யாது? இரும்பும், காற்றில் உள்ள உயிர்வளியும், நீரும் கூடியவழித் தோன்றும் புதிய பொருளே துருவாகும். அது இரும்பைவிட மிகுந்த இடத்தைக் கொள்வதால் பொருக்குப் பொருக்காக உதிர்கின்றது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படுகின்றது, அதுவும் துருவாகின்றது. இவ்வாறு துரு இரும்பை உள்ளே உள்ளே தின்றுகொண்டு செல்கின்றது. கருவியில் ஒட்டியிருக்கும் சேறு ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். உரத்தின் உப்புப் படிந்திருந்தால் துரு விரைந்து பரவும். மண்ணில் உராய்ந்து உராய்ந்து கண்ணாடிபோல் பளபளக்கும் கொழுமுனைக்கும் சட்டிக்கும் வண்ணப்பூச்சு இல்லை. ஆதலின் முதலில் துருப்பிடிப்பவையும் அவையே. துருவேறிய சட்டியில் மண் ஒட்டும்; ஒட்டினால் உழவு கனக்கும்; உழவு கனத்தால் டீசல் செலவு மிகும். ஒரு மழைக்காலத்துச் சோம்பல் அடுத்த பருவத்தின் செலவாக வந்து நிற்கின்றது.

இதனைத் தடுக்கும் வழி கடினமானதன்று. வேலை முடிந்த அன்றே, சேறு காயுமுன், மரக்குச்சியால் அதனைச் சுரண்டிக் கருவியை நீர்விட்டுக் கழுவுதல் வேண்டும். பின்னர் வெயிலில் நன்கு உலர்த்துதல் வேண்டும். அடுத்து, கருவியை முழுதும் நோக்கி, தேய்ந்த கொழு எது, வளைந்த கம்பி எது, தளர்ந்த மரை எது என்று கண்டு குறித்துக்கொள்ளுதல் நன்று. ஓய்வுக் காலத்திலேயே பழுது பார்த்தால் கொல்லரும் விரைவின்றிச் செய்வார். உழவு தொடங்கும் நாளில் பட்டறை வாயிலில் காத்து நிற்க வேண்டுவதில்லை. பின்னர், மண்ணைத் தொடும் பகுதிகள் எல்லாவற்றின் மீதும் கிரீசைத் தடிப்பாகப் பூசுதல் வேண்டும். சுழலும் இடங்களுக்குள்ளும் அதனைச் செலுத்துதல் வேண்டும். டிராக்டரில் கழித்த பழைய எண்ணெயைக் கருவிகளின்மேல் ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது வழிந்து நிலத்தையும் நீரையும் கெடுக்குமாதலால் அதனை விடுத்தலே முறை. விதைக்கும் கருவியின் பெட்டிகளில் விதையோ உரமோ ஒரு பிடியும் எஞ்சியிருத்தல் ஆகாது. விதை எலிகளை அழைக்கும். உரம் தகட்டை அரிக்கும்.

இனி, வைக்கும் இடத்தைப் பற்றி எண்ணுவோம். இடம் மேடாக இருத்தல் வேண்டும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிப் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய மழை பெய்யும் நாட்டில், பள்ளத்தில் வைத்த கருவி நீருள் மூழ்குவது உறுதி. மேட்டிலும் வெறுந்தரையில் வையாமல் மரக்கட்டைகளின்மேல் வைத்தால் மண்ணின் ஈரம் ஏறாது. மேலே கூரை வேண்டும். தகரக் கொட்டகை அமைக்க இயலாதவர் தார்ப்பாயால் மூடலாம். ஆயினும் காற்றுப் புகாமல் இறுகச் சுற்றிவிட்டால், உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றித் துருவை வளர்க்கும். ஆகவே கீழ்ப்புறம் திறந்திருத்தல் நலம். மரக் கலப்பைக்கு ஏற்றதாயிருந்த மாட்டுக் கொட்டில் இரும்புக் கருவிக்கு ஏற்றதன்று. சாணத்தின் ஈரமும் கோமியத்தின் உப்பும் இரும்பை அரிப்பனவாம். உரமூட்டைகளின் பக்கத்தில் வைப்பதும் அவ்வாறே தீது. டிரெய்லரின் அச்சுக்குக் கீழே முட்டுக் கொடுத்துச் சக்கரங்களைத் தரையினின்று உயர்த்தி, வெயில் படாமல் வைத்தால் டயர்கள் வெடிப்பின்றி நெடுநாள் உழைக்கும்.

களத்துமேடு வீட்டுமனையாகி, உழவர்க்கு எஞ்சியது ஒரு சிறு முற்றமே எனின், அங்கே ஒழுங்கு இன்னும் மிகுதியாக வேண்டப்படும். முதலில் வேண்டப்படுவது வாயிலுக்கு அருகிலும், இறுதியில் வேண்டப்படுவது சுவரை ஒட்டியும் நிற்றல் வேண்டும். பூட்டும் முனை வாயிலை நோக்கியிருந்தால், டிராக்டரைப் பின்னோக்கிச் செலுத்தி எளிதில் இணைக்கலாம். கனத்த கருவியைப் பலர் கூடித் திருப்பவேண்டிய துன்பம் இராது. சிறு உருளைகள் பொருத்திய இரும்புச் சட்டத்தின்மேல் வைத்தால் ஒருவரே கருவியைத் தள்ளி ஒதுக்கலாம். இணைப்புத் தண்டு, முளை, சங்கிலி முதலிய சிறு பொருள்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்தல் வேண்டும். மூன்றங்குல முளை ஒன்று காணாமற் போனாலும் நானூறு கிலோ எடையுள்ள கருவி பயனின்றி நின்றுவிடும்.

இவை எல்லாவற்றினும் சிறந்ததாகப் போற்ற வேண்டுவது ஒன்று உண்டு. அஃது உயிர்க்காவல். வேலை முடிந்து வரும் டிராக்டரை, கருவி மேலே தூக்கியபடியே தெருவோரம் நிறுத்திச் செல்வோர் உளர். அக்கருவியைத் தாங்கி நிற்பது எண்ணெயின் அழுத்தமேயன்றி வேறன்று. அழுத்தம் மெல்லக் குறையலாம். சிறுவன் ஒருவன் விளையாட்டாக ஏறி நெம்புகோலைத் தொடலாம். அந்நொடியில் கருவி கீழிறங்கும். அடியில் பந்தெடுக்கக் குனிந்த குழந்தை இருந்தால் என்னாகும்? கவிழும் டிராக்டரினின்று ஓட்டுபவரைக் காக்கப் பிறந்த ஓர் அமைப்பு, கவனமின்மையால் குழந்தையின் உயிரைக் கவர்வதாக ஆகிவிடும். ஆதலின், டிராக்டரை நிறுத்தியவுடன் கருவியைத் தரையில் இறக்குதலே முதற்கடமை. கழற்றி வைக்கும் கருவி சாயாதவாறு தாங்குகால்களை நிறுத்துதல் வேண்டும். கூண்டுச் சக்கரங்களைச் சுவரில் வெறுமனே சாய்த்து வைத்தல் பெருந்தவறு. அவற்றைத் தரையில் கிடத்துதல் வேண்டும். அன்றேல் சுவரோடு சங்கிலியால் பிணைத்தல் வேண்டும். கொழுமுனைகளையும் கத்திகளையும் பழங்கோணியால் மூடி வைத்தால் வழிச்செல்வோர்க்குக் காயம் நேராது. மழைக்காலத்தில் பாம்பும் தேளும் இத்தகைய இருட்டிடங்களைத் தேடி வருமாதலால், கருவியை மீண்டும் எடுக்கும் நாளில் கோலால் தட்டிப் பார்த்தபின்னரே கை வைத்தல் அறிவுடைமையாகும்.

எல்லாக் கருவிகளையும் ஒவ்வோர் உழவரும் வாங்கி வைத்தல் இயலுவதன்று, வேண்டுவதும் அன்று. தமிழ்நாட்டு உழவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சிறு குறு நிலம் உடையவரே. அவர்க்கு உதவும்பொருட்டு வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்கு வழங்குகின்றது. கூட்டுறவுச் சங்கங்கள் பலவும் இப்பணியைச் செய்கின்றன. பத்துப்பேர் முற்றங்களில் துருவேறிக் கிடக்கும் பத்துக் கருவிகளைக்காட்டிலும், ஒரு பொதுக்கொட்டகையில் ஒழுங்காகக் காக்கப்படும் ஒன்று மேலானது. ஆயினும் பொதுப்பொருளைப் பேணுதல் தன்பொருளைப் பேணுவதினும் அரிது. எடுத்தவர் கழுவித் திருப்பித் தருதலும், பழுது நேர்ந்தால் மறையாது உரைத்தலும், எவர் எந்நாளில் கொண்டுசென்றார் என்று ஏட்டில் எழுதி வைத்தலும் இருந்தாலன்றிப் பொதுக்கொட்டகை நிலைபெறாது.

ஒரு செயலைத் தொடங்குவோர் ஆராய வேண்டியவற்றுள் கருவியையும் காலத்தையும் இடத்தையும் சேர்த்து வைத்தார் திருவள்ளுவர். செயலை முடித்தபின்னும் இம்மூன்றையும் ஆராய்தல் வேண்டும் என்பதை உழவரின் முற்றம் காட்டுகின்றது. மழை தொடங்குவதற்கு முன்னர் வரும் ஆயுத பூசையன்று கருவிகளைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவது நம் நாட்டு வழக்கம். அந்நாளில் துடைக்கும் கை, திலகம் இடுவதற்கு முன் சிறிது கிரீசும் பூசுமாயின், வழிபாடு முழுமை பெறும். தை பிறந்து நவரைக்கு உழவு தொடங்கும்போது, டிராக்டர் பின்னோக்கி வந்து நிற்க, கருவி மூன்று முளைகளில் பொருந்த, உழவர் அன்றைய விடியலிலேயே வயலில் இறங்குவர். கருவியை நன்றாக எடுத்து வைத்தவர் அடுத்த உழவை அன்றே தொடங்கியவர் ஆவர்.