கருத்துக் கேட்புக் கூட்டமும் வெளியூர்வாசிகளும்

பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியமர்ந்த நம்மவரிற் பலருக்குப் பிறந்த ஊரில் ஒரு வீடோ, ஏரிப் பாசனத்தில் சிறிது நிலமோ இன்றும் உண்டு. அந்நிலத்தின் அருகே அனல் மின் நிலையமோ இரசாயன ஆலையோ சுரங்கமோ வரப்போகிறது என்னும் செய்தி, பெரும்பாலும் வேலை தொடங்கிய பின்னரே உறவினர் வாயிலாக நம் செவிக்கு எட்டுகிறது. வேலை தொடங்குமுன் நாம் பேசுவதற்குச் சட்டம் ஓர் இடம் வைத்திருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் விளைவாக 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட தொழில்களைத் தொடங்குவோர் முன்னதாகத் தாக்க மதிப்பீடு செய்து அனுமதி பெறவேண்டும் என 1994இல் விதிக்கப்பட்டது. மக்களின் கருத்தைக் கேட்பது 1997இல் கட்டாயமாயிற்று. 2006 செப்டம்பர் 14ஆம் நாள் வெளியான அறிவிக்கை பழைய விதிகளை மாற்றியமைத்தது.

மதிப்பீட்டு அறிக்கையை எழுதுவிப்பவர் யார்? ஆலை வைப்பவரே பணம் கொடுத்து ஒரு நிபுணர் குழுவைக் கொண்டு எழுதுவிக்கிறார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அன்றோ! மேலும், பல திட்டங்களுக்கு மழைக்காலம் நீங்கலான ஒரு பருவத்து அளவைகளே போதுமானவையாகக் கொள்ளப்படுகின்றன. ஐப்பசியில் கரைபுரண்டோடிப் பங்குனியில் வறண்டுவிடும் ஓடை அத்தகைய அளவைக்கு எவ்வாறு புலப்படும்? அதனை அறிந்தவர் அவ்வூரார்தாம். அதற்காகவே கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறுகிறது.

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இக்கூட்டத்தை நடத்தும். மாவட்ட ஆட்சித் தலைவரோ அவர் சார்பில் உயர் அதிகாரி ஒருவரோ தலைமை ஏற்பார். குறைந்தது 30 நாட்களுக்கு முன்னர் ஒரு தேசிய நாளேட்டிலும் வட்டார மொழி நாளேடு ஒன்றிலும் விளம்பரம் வரவேண்டும். வந்திருப்போர் எவரும் விளக்கம் கேட்கலாம். இன்னார் இத்தனை பேர் வந்தாலன்றிக் கூட்டம் செல்லாது என்ற விதி கிடையாது. ஆகவே, வராதிருந்து எதிர்ப்பைக் காட்டுவதால் பயன் ஒன்றுமில்லை.

நமக்கு மிகவும் வேண்டிய பகுதி வேறொன்று. திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவுகளில் தக்க அக்கறையுடைய பிறர், நேரில் வாராமல் எழுத்து மூலமாகவே கருத்தை அனுப்பலாம். எழுப்பப்பட்ட முக்கியமான ஆட்சேபங்களுக்கு இறுதி அறிக்கையில் விடை கூறவேண்டிய கடமை ஆலை வைப்பவருடையது. இது வாக்கெடுப்பு அன்று. நூறு பேர் எதிர்த்த திட்டத்துக்கும் அனுமதி கிடைக்கலாம். ஆயினும் ஓடையின் பெயர், பாயும் வழி, அதனால் விளையும் நிலங்கள் என விவரமாக எழுதிய ஒரு கடிதத்தைப் பொதுவான கூச்சலைப்போல் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

விளம்பரம் வரும் உள்ளூர் நாளேடு நம் கைக்கு எட்டுவதில்லை என்பது உண்மையே. மத்திய அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் விண்ணப்பங்களைக் காணலாம். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பருமனாக இருக்கும். சுருக்கம் வட்டார மொழியிலும் தரப்பட வேண்டும் என்பது விதி. மொழி சிறு விஷயமன்று. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட புதிய வரைவு, 30 நாள் அவகாசத்தை 20 ஆகக் குறைக்க முற்பட்டது. அவ்வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளிவந்தது. அட்டவணை மொழிகள் 22இலும் அதனை மொழிபெயர்க்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் உத்தரவிட்டது. மாறுபட்ட கருத்துகள் பல எழுந்தன, அவ்வரைவு சட்டமாகவில்லை.

எல்லாத் திட்டங்களுக்கும் இக்கூட்டம் உண்டென எண்ணற்க. அடுக்குமாடிக் கட்டிடங்களுக்கும், புதிதாக நிலம் எடுக்காத சாலை விரிவாக்கத்துக்கும், பாதுகாப்புத் துறைப் பணிகளுக்கும் விலக்கு உண்டு. அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் 30 நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை ஏற்பர். அதன் அமர்வுகள் தில்லி, சென்னை, கொல்கத்தா, புனே, போபால் ஆகிய நகரங்களில் உள்ளன.