மீட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

2017 நவம்பர் 1. கொடுங்கையூர் ஆர்.ஆர். நகரில் மழைநீர் தேங்கிய தெருவில் மின்சாரம் தாக்கி இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். தெருவோர மின்விநியோகப் பெட்டியான பில்லர் பாக்ஸிலிருந்து வந்த கேபிள் தண்ணீருக்குள் கிடந்தது. மின்வாரியத்தில் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

சென்னைக்கு மின்சாரம் தந்ததில் வடசென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. பேசின் பிரிட்ஜ், 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990-களில் அத்திப்பட்டு என வரிசையாகச் சொல்லலாம். அதே பகுதியின் தெருக்களில், ராயபுரமோ திருவொற்றியூரோ, பில்லர் பாக்ஸ்களை ஒருமுறை நின்று பாருங்கள். உப்புக்காற்று அடித்தகட்டை அரித்திருக்கும். தாழ்ப்பாள் போன கதவைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் தெரு உயர்ந்து, பெட்டி தாழ்ந்திருக்கும். ஒரு மழைக்கே தண்ணீர் உள்ளே புகுந்துவிடும்.

மின்விபத்தைத் தடுக்க, வீட்டில் 'ஆர்.சி.டி.' என்னும் மின்கசிவுத் துண்டிப்பானைப் பொருத்தச் சொல்கிறது மின்வாரியம். நல்ல யோசனை, உடனே செய்ய வேண்டியதும்கூட. வழக்கமான எம்.சி.பி. சுவிட்ச் காப்பது ஒயரைத்தான், ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி., ஒருவர் உடம்பில் 0.1 ஆம்பியர் பாய்ந்தால் அசையாது; உயிர் போக அதுவே போதும். ஆர்.சி.டி.யோ 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் அதன் காவல் மீட்டருக்குப் பிறகுதான். தெருத் தண்ணீரில் கால் வைக்கும் குழந்தையை அது காப்பாற்றாது.

மீட்டருக்கு முன்னால் நடப்பதற்குப் பொறுப்பு யார்? 2002-இல் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மழை இரவில் சைக்கிளில் போனவர், தண்ணீரில் அறுந்து கிடந்த கம்பியில் சிக்கி இறந்தார். யாரோ கொக்கி போட்டுத் திருடியதால் வந்த வினை என்றது வாரியம். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆபத்தான பொருளை விநியோகிப்பவர், தன்மேல் கவனக்குறைவு இல்லையென்றாலும் இழப்பீடு தந்தாக வேண்டும் என்றது.

2003 மின்சாரச் சட்டத்தின் 161-ஆவது பிரிவுப்படி, உயிரிழப்பு நேர்ந்தால் மின் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டும். அவர் வாரியத்தின் ஊழியர் அல்ல. அரசின் மின் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர். ஏன் நடந்தது, எது பழுது என்று விசாரித்து எழுதுவது அவர் வேலை. பணியிடை நீக்கச் செய்தி மறுநாளே பேப்பரில் வந்துவிடுகிறது. ஆய்வாளரின் அறிக்கை அந்தத் தெருக்காரர்கள் கண்ணில் படுவது அபூர்வம். எந்தப் பெட்டியை உயர்த்த வேண்டும், எந்தக் கேபிளை மாற்ற வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியவரும். அரசே அதை வெளியிட வேண்டும். அதுவரை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மின் ஆய்வுத் துறைக்கு மனு போட்டு நகல் கேட்கலாம். இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போகும் குடும்பத்துக்கு அது முக்கியமான ஆவணம்.